இதயம் தரும் குறிப்பில் எடுக்கப்படும் படம்

“அசையாமல் படுத்திருங்கள் என்கிறீர்கள். நான் அசையாவிட்டாலும் என் இதயம் அசையுமே. படம் எப்படித் தெளிவாக விழும்?” இதயத் தமனிகளைக் காணும் சி.டி. ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கு வருவோர் சிலர் இவ்வாறு கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதன் விடையை அறிந்தால், பரிசோதனைக்கு முன் நாங்கள் கூறும் அறிவுரைகளின் காரணமும் விளங்கும்.

ஊஞ்சலாடும் குழந்தையைப் படமெடுக்க எண்ணினால், ஊஞ்சல் உயரச் சென்று திரும்பும் கணத்துக்காகக் காத்திருப்போம். அக்கணத்தில் அசைவு மிகக் குறைவு. இதயத்துக்கும் ஒவ்வொரு துடிப்பிலும் அத்தகைய அமைதியான கணம் ஒன்று உண்டு. இதயத் தமனிகள் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. எனவே அக்கணத்தைத் தவறவிட்டால் அவை படத்தில் கலங்கிவிடும்.

அக்கணத்தைக் கருவிக்கு அறிவிப்பது உங்கள் இ.சி.ஜி. மார்பில் ஒட்டப்படும் மின்முனைகள் இதயத்தின் மின்னோட்டத்தைக் கருவிக்கு அனுப்புகின்றன. வரைபடத்தில் கூர்மையாக உயர்ந்து நிற்பது ‘ஆர்’ அலை. கீழறைகள் சுருங்கத் தொடங்குவதன் அடையாளம் அது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்தில் இரண்டு ‘ஆர்’ அலைகளுக்கு இடைவெளி ஒரு வினாடி. அதில் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 வினாடி வரையிலான பொழுதில் இதயம் தளர்ந்து அமைதியாக இருக்கும். கருவி ‘ஆர்’ அலையிலிருந்து கணக்கிட்டுக் காத்திருந்து, அப்பொழுதில் மட்டும் எக்ஸ் கதிரைச் செலுத்துகிறது. மற்ற நேரத்தில் கதிர் நின்றிருப்பதால், உடலில் படும் கதிர்வீச்சும் குறைகிறது.

இதயம் விரைந்து துடித்தால் சுருங்கும் நேரம் சிறிதளவே குறையும். தளரும் நேரமே பெரிதும் குறையும். துடிப்பு சீராக இல்லாவிட்டால் கருவியின் கணக்கே பிழைக்கும். அப்போது நல்ல தமனி அடைபட்டதுபோல் தோன்றலாம். உண்மையான அடைப்பு கண்ணுக்குத் தப்பவும் கூடும். பரிசோதனையை மீண்டும் செய்ய நேர்ந்தால், சாய மருந்தும் கதிர்வீச்சும் மீண்டும் உடலில் சேரும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

1. முந்தைய இரவு முதல் காபி, தேநீர் அருந்த வேண்டாம். அவை துடிப்பை விரைவாக்கும்.

2. துடிப்பை மெதுவாக்க மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை தரப்படலாம். ஆஸ்துமா, குறைந்த இரத்த அழுத்தம் இருப்பின் முன்னரே கூறுங்கள்.

3. தமனிகள் விரிய நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தரப்படலாம். சில்டெனாபில், டடாலபில் மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டிருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகக் குறையும்.

4. மார்பில் எண்ணெய், பவுடர் பூச வேண்டாம். மின்முனைகள் நன்கு ஒட்டாது.

5. மிதமாக மூச்சிழுத்துப் பத்து வினாடி அடக்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்து பாருங்கள். உடனிருப்பவர் கடிகாரம் பார்த்து உதவலாம்.

6. சாய மருந்து செலுத்தும்போது உடலெங்கும் வெப்பம் பரவுவதுபோல் உணர்வீர்கள். அது சில கணங்களில் நீங்கும். அஞ்சி அசைந்துவிட வேண்டாம். முன்பு இம்மருந்து ஒவ்வாமை தந்திருந்தாலோ, சிறுநீரக நோய் இருந்தாலோ, நீரிழிவுக்கு மெட்பார்மின் உட்கொண்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

7. இதயத் துடிப்பு ஒழுங்கற்றது என்று முன்பே கண்டறியப்பட்டிருந்தால் அதையும் கூறுங்கள். அதற்கேற்ப முறையை மாற்றுவோம், அல்லது வேறு பரிசோதனையைத் தேர்ந்தெடுப்போம்.

உடன் வருவோர் நோயாளியைச் சற்று முன்னதாகவே அழைத்து வாருங்கள். படியேறி விரைந்து வந்த இதயம் அடங்கச் சிறிது நேரம் வேண்டும். பதற்றமின்றிப் படுத்திருப்பவரின் இதயமே, கருவிக்கு நேரத்தைச் சரியாகச் சொல்லும்.