விபத்துக்குப் பின் எந்தப் பட்டறை?

நம் நாட்டுச் சாலைகளில் விபத்து நேர்ந்த சில நிமிடங்களிலேயே இழுவை வண்டி ஒன்று வந்து நிற்பதுண்டு. “எல்லாவற்றையும் எங்கள் பட்டறை பார்த்துக்கொள்ளும், இதில் கையொப்பமிடுங்கள்” என்பார் அதன் ஓட்டுநர். பதற்றத்தில் இருப்பவர் படிக்காமலேயே கையொப்பமிட்டுவிடுவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காப்புறுதி நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த பட்டறைகளின் பட்டியலை வைத்துள்ளன. வேறு இடத்தில் பழுதுபார்த்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆகவே, முதலில் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்வதும் கட்டாயமாகும்.

பழுதுபார்த்த காரின் பளபளக்கும் சாயத்தைக் கண்டு மட்டும் பட்டறையின் தரத்தை முடிவு செய்யக் கூடாது. அடிச்சட்டம் வளைந்திருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். டயர்கள் சீரின்றித் தேயும். எனவே, அடிச்சட்டத்தை அளக்கும் கருவி உண்டா, பொருத்துபவை அசல் உதிரிபாகங்களா, வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்க வேண்டும். செலவு மதிப்பீட்டை எழுத்து வடிவில் பெற வேண்டும். அந்தக் காரில் மீண்டும் பயணம் செய்யப்போவது நம் குடும்பமே.

மாணவர்களே, காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை உங்கள் பெற்றோரின் கைப்பேசியில் இன்றே பதிவு செய்து கொடுங்கள். பதறாத காரியம் சிதறாது.