இரத்தம் சொல்லும் சாட்சி

வேதபகுதி: மாற்கு 2:1–12



திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினிமித்தம் வழி கிடைக்காமல், மேற்கூரையைப் பிரித்து ஆண்டவருக்கு முன்பாக இறக்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலும் இப்படிச் சுமந்துவரப்படுகிறவர்கள் உண்டு. இரவு ஷிப்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்தவருக்குத் திடீரென வலது கை விழுந்துவிடுகிறது, வாய் கோணுகிறது. பெற்றோர் தொலைவில் சொந்த ஊரில். ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களே தூக்கிவருகிறார்கள். அந்தப் படுக்கைகளருகே ஜெபிக்கும் நாங்கள், மருத்துவர்களிடம் கற்றதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

1. முதல் துளி

பக்கவாதம் என்று வந்தவுடன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் கை கால் விழும், பேச்சுக் குழறும். அது குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகக்கூடியது. ஆகையால் இதை முதலில் பிரித்தறிய வேண்டும். மாறாக, பக்கவாதத்தோடு சர்க்கரை உயர்ந்திருந்தால் மரணமும் ஊனமும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தம் தடைப்பட்ட மூளைப்பகுதியில் பிராணவாயு இல்லாமல் சர்க்கரை எரிந்து அமிலமாகிறது. பிழைக்கக்கூடிய செல்களையும் அது கெடுக்கிறது.

2. மூன்று மாதக் கணக்கு

அந்த வேளையின் அதிர்ச்சியிலும் சர்க்கரை ஏறும். பழைய நோயா என்று அறிய எச்பிஏ1சி பரிசோதனை உதவும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைச் சொல்லிவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. தமக்குச் சர்க்கரை இருப்பதையே அன்றுதான் அறிகிறவர்கள் உண்டு.

3. எண்ணைத் திருத்தினால் போதுமா?

அப்படியானால் இன்சுலினால் சர்க்கரையை வேகமாய் இறக்கினால் நலமாகுமே என்று நாங்களும் எண்ணினோம். அமெரிக்காவில் 1,151 பேரிடம் நடந்த 'ஷைன்' ஆய்வு 2019இல் வெளியானது. சர்க்கரையை 80–130 அளவில் இறுக்கிப் பிடித்தவர்களுக்கும், 180க்குக் கீழே வைத்தவர்களுக்கும் 90 நாள் கழித்துப் பார்த்தபோது, குணத்தில் வித்தியாசமில்லை. இறுக்கிப் பிடித்தவர்களில் சிலருக்குச் சர்க்கரை ஆபத்தாய் இறங்கியது. இரத்தம் சாட்சி சொல்லுகிறது. ஆனால் சாட்சியின் வாயை அடைத்துவிட்டால் நடந்தது மாறிவிடாது.

4. கூரையைப் பிரிக்க வேண்டிய காலம்

எனவே அந்த எண்ணைக் கவனிக்க வேண்டியது வருமுன்னே. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தின நிலையும் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. ஷிப்டு மாறி மாறிப் போகிறவர் பகலில் கதவடைத்துத் தூங்குகிறார். அவரை யார் எழுப்புவது? அங்கேதான் திருச்சபை தேவை. வந்தபின்னோ தாமதம் ஆகாது. கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட வேண்டும். வாயில் ஒன்றும் ஊட்டாமல் 108ஐ அழையுங்கள்.

அந்த நான்கு பேரின் பெயர் வேதத்தில் இல்லை. ஆனாலும் ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார். காணிக்கை அனுப்பும் உங்கள் கைகளும் அந்தப் படுக்கையின் ஒரு முனையைப் பிடித்திருக்கின்றன.

சிந்திக்க: உங்கள் சபையில் கடந்த ஓராண்டில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்காதவர்கள் யார்? அவர்களை யார் அழைத்துச் செல்வீர்கள்?

ஜெபிக்க: கை விழுந்து வேலையிழந்த வாலிபருக்காகவும், அவர்களைத் தூக்கிவரும் நண்பர்களுக்காகவும்.