மழைமானியும் மக்கள் நம்பிக்கையும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய இடத்தில் குடியேறியதும் சங்கம் ஒன்றை அமைக்கும்படி சொல்லப்படுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாகிறார்கள், கொப்பி வாங்கப்படுகிறது, இப்போது கைத்தொலைபேசிக் குழுவும் உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தின் சொல்லுக்கு ஆட்கள் எழுந்து வருவார்களா என்பது அடைமழை இரவில்தான் தெரியும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கு ஆபத்து உண்டென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொன்னோம், போகவில்லை" என்று பின்னர் சனங்கள்மேல் பழி விழுந்தது. எங்கே போவது? மாற்றுக் காணி இல்லை. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்த மலையோடு கட்டுண்டவை. உயிர் தப்பியோருக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆயிற்று. ஆகவே ஆய்வு இருந்தது, கடிதம் இருந்தது. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையே நம்பிக்கைதான் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் வீடிழந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கருவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் மூட்டை முடிச்சுடன் ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இதை அளக்கப் பெரிய செலவில்லை. அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான தகரப் பேணியை மரநிழலும் கூரையும் இல்லாத வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, எழுதி, ஊற்றிவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக் காத்திருக்கவும் கூடாது.

நாம் சென்ற ஒரு தோட்டத்தில் மழைமானி செயலாளரின் வேலிக்குள் பூட்டியிருந்தது. கொப்பியைப் புரட்டினோம். ஒரு வாரக் கணக்கு ஒரே பேனையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது! கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: "சந்தாக் கணக்கைக் காட்டாதவங்க மழைக் கணக்கை மட்டும் சரியாச் சொல்லுவாங்களா சாமி?" எமக்குப் பதில் வரவில்லை. சங்க நிர்வாகம் பற்றி நாம் படித்த புத்தகங்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அதன்பின் அங்கே கொப்பி பிள்ளைமடுவத்தின் சுவருக்கு வந்தது. மழையும் சந்தாவும் ஒரே பலகையில் தமிழில் எழுதப்பட்டன. அளப்பது லயத்துக்கு லயம் மாறியது, பெண்களும் அளந்தார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லைதான், பதவி என்றால் திறப்பு தம் கையில் இருப்பது என்று எண்ணுகிறவர்கள் எங்கும் உண்டு.

தொலைபேசிச் செய்தி வேகமானது. வதந்தியும் அதே வேகத்தில் போகும். எனவே செய்தி அனுப்புபவர் ஒருவர், அளவும் நேரமும் அதில் இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். மின்சாரம் போய், சிக்னலும் நின்றால்? அந்தக் காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்தால் தோட்டமே எழுந்தது. அடிப்பவர் யார், எதற்கு அடிக்கிறார் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். அதுபோல் ஒவ்வொரு லயத்துக்கும் கதவைத் தட்ட இருவர் வேண்டும். புதிய குடியிருப்பில் பல தோட்டத்தவர்கள் கலந்திருப்பதால் அந்த இருவரை வீட்டார் முன்பே அறிந்திருப்பது அவசியம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் அதே பலகையில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கலந்துரையாட: எமது சங்கக் கொப்பியைக் கடைசியாக எல்லோரும் பார்த்தது எப்போது? நடு இரவில் யார் வந்து தட்டினால் கேள்வி கேட்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோம்? அவர் எமது நிர்வாகக் குழுவில் இருக்கிறாரா?