அறிவிப்புப் பலகையும் அதன் பின்னுள்ள பொறுப்பும்

அரசு அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும், இன்ன சேவை இத்தனை நாள்களில் வழங்கப்படும் என்று அறிவிக்கும் பலகையை நாம் காண்கிறோம். அந்தப் பலகை எப்போது பயன் தருகிறது, எப்போது வெறும் எழுத்தாக நின்றுவிடுகிறது? மூன்று நாடுகளின் நிர்வாகச் சீர்திருத்தங்களை ஒப்பிட்டால் விடை தெளிவாகும்.

பிரிட்டன்: அறிவித்தல்

1991-இல் பிரதமர் ஜான் மேஜரின் அரசு குடிமக்கள் சாசனத்தை வெளியிட்டது. பொதுச் சேவையின் தரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தத் தரம் எட்டப்பட்டதா என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். தொடர்வண்டிப் பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் தனித்தனிச் சாசனங்கள் வந்தன. வண்டி நெடுநேரம் தாமதமானால் பயணிக்கு இழப்பீடு கிடைக்கவும் வழி பிறந்தது. ஆயினும் சாசனத்தின் பெரும்பகுதி நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமையாக அமையவில்லை.

நியூசிலாந்து: ஒப்பந்தம் செய்தல்

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 1988-ஆம் ஆண்டின் அரசுத் துறைச் சட்டம், துறைத் தலைவர்களைக் குறித்த கால ஒப்பந்தத்தில் அமர்த்தியது. 1989-ஆம் ஆண்டின் பொது நிதிச் சட்டம், எவ்வளவு செலவிடப்பட்டது என்பதோடு நில்லாமல், அதனால் என்ன சேவை விளைந்தது என்றும் கணக்குக் கேட்டது. செலவில் கட்டுப்பாடும் கணக்கில் தெளிவும் வந்தன.

ஆனால் அளவிடப்படாதவை கவனத்திலிருந்து நழுவின. 1995 ஏப்ரலில், கேவ் கிரீக் என்னுமிடத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை அமைத்திருந்த காட்சி மேடை சரிந்து, மாணவர் 13 பேரும் துறை அலுவலர் ஒருவரும் மாண்டனர். மேடையின் வடிவமைப்பைத் தகுதி பெற்ற பொறியாளர் எவரும் சரிபார்த்திருக்கவில்லை. தனி ஒருவரின் பிழையைக் காட்டிலும், போதிய நிதியும் மேற்பார்வையும் இல்லாத அமைப்பின் பிழையே காரணம் என்று விசாரணை ஆணையம் கூறியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் வந்த பொதுச் சேவைச் சட்டம், ஒன்றுபட்ட பொதுச் சேவை, சேவை மனப்பான்மை ஆகியவற்றை மீண்டும் முன்னிறுத்தியது.

இந்தியா: சட்டமாக்குதல்

நம் நாட்டில் 1997-இல் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பின் குடிமக்கள் சாசனங்கள் பரவின. பல அலுவலகங்களில் அவை சுவரோடு நின்றன. தவறினால் யார் பொறுப்பு என்பது அவற்றில் இல்லை. அந்தக் குறையை 2010-இல் மத்தியப் பிரதேசம் நீக்க முற்பட்டது. அம்மாநிலத்தின் பொதுச் சேவை உறுதிச் சட்டம், ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பு அலுவலரையும் கால வரம்பையும் குறித்தது; இரண்டு நிலை மேல்முறையீட்டுக்கும் வழி செய்தது. தகுந்த காரணமின்றித் தாமதித்தால், நாளொன்றுக்கு ரூ.250 வீதம், ரூ.5,000 வரை அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம். பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

நாம் கற்பது

மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலப்படும். அறிவிப்பு எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது; அளவீடு ஒழுங்கைத் தருகிறது; தவறினால் என்ன தீர்வு என்பதே நம்பிக்கையைத் தருகிறது. அளவீட்டில் அடங்காத பாதுகாப்புக்கோ, பொறுப்புணர்வுள்ள மனிதரும் போதிய நிதியும் வேண்டும்.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இந்தத் தீர்வு வழி உண்டு. 1995-இல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் திட்டத்தைத் தொடங்கியது. நம் புகாரை முதலில் வங்கியிடம் எழுத்து வடிவில் அளித்து, தேதியுடன் கூடிய ஒப்புகையைப் பெற வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, கட்டணமின்றிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பலகையில் உள்ள நாள் கணக்கு, நம் கையிலுள்ள அந்த ஒப்புகையின் தேதியிலிருந்தே தொடங்குகிறது. அதைக் கேட்டுப் பெறுவதும் சீர்திருத்தத்தில் நம் பங்கே.