45 டிகிரியில் சாயும் கோடு

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் பேட்டரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சார்ஜ் ஏற்றாத, ஒரே மாதிரியான இரண்டு மின்முனைகளை வைத்துச் சோதனை செல் செய்து இம்பீடன்ஸ் அளந்தோம். மின்தேக்கி போல நேர்குத்தாக ஏற வேண்டிய நைக்விஸ்ட் கோடு, முதலில் 45 டிகிரியில் சாய்ந்து பிறகுதான் நிமிர்கிறது. அப்போதும் முழு 90 டிகிரி வருவதில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் மீட்டரிலோ எல்லா செல்லும் ஒரே மதிப்பைக் காட்டுகின்றன. கருவியில் கோளாறா?

- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கருவியில் கோளாறில்லை. அந்தச் சாய்கோட்டில்தான் உங்களுக்கு வேண்டிய தகவலே இருக்கிறது.

மின்முனை என்பது உலோகத் தாளில் பூசிய தூள். துகள்களின் இடுக்குகளில் எலக்ட்ரோலைட் நிற்கிறது. அந்த நுண்துளை நெடுக அயனிகளுக்குத் தடை. சுவர் நெடுக மின்தேக்கம். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஓடும் சொட்டுநீர்க் குழாயைப் போல, சமிக்ஞை வழியெல்லாம் கசிந்துகொண்டே உள்ளே போகிறது. அதிர்வெண் கூடினால் துளையின் வாயிலேயே அடங்கிவிடும். குறைந்தால் அடிவரை எட்டும். தடையும் தேக்கமும் இப்படிப் பின்னிக் கிடப்பதால் 90 டிகிரி பாதியாகிறது. மின்வேதியியலாளர் ராபர்ட் டி லெவி 1960களில் இதைக் கணக்காக வடித்தார். நம் எஸ்.கே. ரங்கராஜனும் அதே பத்தாண்டின் இறுதியில் நுண்துளை மின்முனைகளுக்குக் கோட்பாடு எழுதினார். அவர் பணியாற்றிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது.

நிமிர்ந்த கோட்டைக் கீழே நீட்டுங்கள். அது கிடை அச்சைத் தொடும் இடத்துக்கும் சாய்கோடு தொடங்கும் இடத்துக்கும் உள்ள தூரம், துளையின் அயனித் தடையில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் செல்லில் இரண்டு மின்முனைகள் இருப்பதால் தூரத்தை ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மின்முனையின் தடை கிடைக்கும். பூச்சை ரோலரில் அதிகம் அழுத்தினால் துளை இறுகி இந்த எண் ஏறும். 1 கிலோஹெர்ட்ஸ் மீட்டர் இதைப் பெரும்பாலும் தவறவிடும். அது முக்கியமாகப் பிரிப்பான், எலக்ட்ரோலைட், இணைப்புகளின் தடையைத்தான் காட்டுகிறது. உற்பத்தி வரிசையில் விரைவாகச் சரிபார்க்க அது போதும். பூச்சின் தரத்தைத் தீர்மானிக்க அதை மட்டும் நம்புவது தவறு என்பேன்.

முழு 90 டிகிரி வராததற்குக் காரணம் ஒழுங்கின்மை: துளைகளும் துகள் பரப்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மென்பொருள் இதற்கு ஆல்ஃபா என்ற அடுக்கெண்ணைத் தரும். ஆல்ஃபா 0.9 என்றால் கோடு 81 டிகிரியில் நிற்கும். கூடவே வரும் இன்னோர் எண்ணை ஃபாரட் என்று எழுதிவிடாதீர்கள். அதன் அலகே வேறு.

முழு செல்லில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் ஒரு 45 டிகிரிக் கோடு வரும். அது துகளுக்குள் லித்தியம் பரவுவதால் வருவது. வார்பர்க் 1899-இல் விளக்கிய பரவல் தடையின் வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகே அதிர்வெண்ணைக் குறித்துவையுங்கள். அழுத்துவதால் துளை எவ்வளவு இறுகுகிறது என்று அறிய, ரோலருக்கு முன்னும் பின்னும் ஒரே பூச்சிலிருந்து துண்டெடுத்து அளந்து பாருங்கள்.