பகிரப்பட்ட அறிவும் செம்பனைக் காயும்

கேள்வி: தொழிலிடத்தில் அறிவைப் பகிர்வதால் புதுமையும் விளைச்சலும் உண்மையிலேயே உயருமா? (வாசகர், செகிஞ்சான்)

பதில்: உயரும், ஆயினும் பகிரப்படும் அறிவு எத்தகையது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். எழுத்தில் அடங்காமல் கைப்பழக்கத்திலும் கண்பழக்கத்திலும் தங்கியிருக்கும் அறிவை ஆய்வாளர்கள் உள்ளுறை அறிவு என்பர். 1995இல் வெளிவந்த நூலொன்றில் ஜப்பானிய அறிஞர்களான நொனாகாவும் தாக்கெயுச்சியும், இவ்வறிவு பிறருக்குப் புரியும் வடிவம் பெறும்போதே நிறுவனத்தில் புதுமை பிறக்கிறது என வாதிட்டனர்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்தில்தான் உருவானது. செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்கிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியதால், காய்ப்பிடிப்புக் குறைந்த தோட்டங்களில் தொழிலாளர்கள் பாளை பாளையாகச் சென்று மகரந்தப் பொடியைத் தூவ நேர்ந்தது. கேமரூனில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி, அங்கே இவ்வுழைப்பின்றியே காய்கள் நன்கு பிடிப்பதைக் கண்டிருந்தார். கண்பழக்கத்தால் அறிந்த இதைப் பிறருடன் பகிர்ந்து, காற்றுதானா மகரந்தத்தைச் சுமக்கிறது என அவர் எழுப்பிய ஐயத்தைப் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பது ஒருவகைக் கூன்வண்டே என நிறுவினார். 1981இல் அவ்வண்டு ஜொகூரின் குளுவாங்கில் விடப்பட்டதும் காய்ப்பிடிப்பு உயர்ந்தது, கைத்தூவலும் தேவையற்றுப்போனது.

டேவிட்சனின் ஐயத்துக்கு அவருடைய பதவி துணைநின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. அதே ஐயம் பொடி தூவிய தொழிலாளி ஒருவரிடமிருந்து எழுந்திருந்தால் பூச்சியியலாளர் வரவழைக்கப்பட்டிருப்பாரா என்ற வினாவையும் நிர்வாக ஆய்வுகள் எழுப்பியாக வேண்டும்.