வழக்கை மீளப்பெறுதல்: செலவு யாருக்கு?

"வழக்கை வாபஸ் எடுத்தால் அவையின்ரை செலவையும் நாங்களோ பாதர் கட்டவேணும்?"

காணி வழக்குகளோடு அல்லற்படும் குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் கடன்பட்டு, நீதிமன்ற வாங்கில் மத்தியானம்வரை குந்தியிருந்து, இன்னொரு தவணையோடு திரும்பி வருபவர்களே இதைக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் செலவைப் பற்றிய பயத்திலே, அதைவிடப் பெரியதொரு இழப்பைப் பலர் கவனியாது விட்டுவிடுகின்றனர்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். போரினால் இடம்பெயர்ந்த மூன்று சகோதரர்களுக்குத் தகப்பன் வழிவந்த உறுதி வயல் ஒன்று இருந்தது. அவர்கள் ஊர் திரும்பாதிருந்த வேளை, 2011ஆம் ஆண்டு காலபோகத்தில் அயலவர் ஒருவர் அதை உழுது விதைத்தார். பேச்சு முற்றி, 2016இல் மூவரும் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார்கள். எதிராளி மறுமொழி அணைத்தார். பிறகு நில அளவையாளர் வந்து அளந்தபோதுதான் முறைப்பாட்டில் கிழக்கு எல்லை பிழையாக எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. மூத்தவர் மனமுடைந்துபோனார். அந்த நேரம் பார்த்து அயலவரும் ஓர் உறவினர் மூலம் ஆள் அனுப்பினார்: "வழக்கை விடட்டும், வாற சிறுபோகத்துக்குப் பாதிக் காணியை விட்டுத்தாறன்." மூத்தவர் நம்பினார். சட்டத்தரணிக்கும் அறிவிக்கவில்லை, தவணைக்கும் போகவில்லை. இந்தியாவில் அகதி முகாமில் இருந்த தம்பிக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழக்கு, செலவோடு தள்ளுபடியாயிற்று. சிறுபோகம் வந்தது. முழு வயலையும் அயலவரே விதைத்தார்.

மூத்தவர் தாம் வழக்கை "வாபஸ் எடுத்துவிட்டதாக" நினைத்தார். சட்டத்தின் கண்ணில் அவர் எடுக்கவில்லை. தவணைக்குப் போகாது விடுதல் வேறு, மீளப்பெறுதல் வேறு. வழக்காளி வராதபோது நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளினால் அதே காரணத்துக்காகத் திரும்ப வழக்கிட முடியாது. வராமைக்குத் தக்க காரணம் இருந்தால், நியாயமான காலத்துக்குள் மனுச்செய்து அந்தக் கட்டளையை நீக்கும்படி கேட்கலாம். நோய், பாதை அடைப்பு, அறிவித்தல் கிடையாமை என்பன காரணங்களாகலாம். "விட்டுத்தாறன் எண்டு சொன்னவர்" என்பதைக் காரணமாகக் காட்டுவது கடினம்.

முறையாக மீளப்பெறும் வழியை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 406ஆம் பிரிவு சொல்கிறது. அதில் இரண்டு கதவுகள் உண்டு. முதலாவது, நீதிமன்றத்தின் அனுமதியோடு மீளப்பெறுவது. முறைசார்ந்த குறைபாடு ஒன்றினால் வழக்குத் தோற்றே தீரும் என்றோ, வேறு போதிய காரணம் உண்டென்றோ நீதிபதி திருப்திப்பட்டால், புதிதாக வழக்கிடும் உரிமையை ஒதுக்கி, மீளப்பெற அனுமதிக்கலாம். செலவு பற்றிய நிபந்தனையை அவரே விதிப்பார். இரண்டாவது, அனுமதி பெறாமல் மீளப்பெறுவது. அப்போது நீதிமன்றம் விதிக்கும் செலவுக்கு வழக்காளி பொறுப்பு. அதே விடயத்துக்காக மறுபடி வழக்கிடவும் முடியாது.

ஆகவே, எந்தக் கதவால் வெளியேறினாலும் செலவு வரக்கூடும். ஆனால் ஒரு கதவு உங்களுக்குப் பின்னால் பூட்டப்பட்டுவிடும். நமது மக்கள் செலவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, "திரும்பப் போடலாமோ?" என்று கேட்க மறந்துபோகிறார்கள். எல்லை பிழை என்று கண்ட அன்றே மூத்தவர் சட்டத்தரணியிடம் போயிருந்தால், முறைப்பாட்டைத் திருத்த இன்னும் இடமுண்டா என்று முதலில் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் அனுமதியோடு மீளப்பெறக் கேட்டிருப்பார்கள்.

இனிச் செலவுக்கு வருவோம். உங்கள் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுத்தது போனதுதான். மீளப்பெறுபவருக்கு அதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கேள்வி எதிராளியின் செலவைப் பற்றியது. அதைக் கட்டளையிடுவதும், குறைப்பதும், விட்டுவிடுவதும் நீதிபதியின் கையில். எதிராளி மறுமொழி அணைக்குமுன் விலகுபவருக்கும், சாட்சிகள் பல தவணை வந்துபோனபின் விலகுபவருக்கும் ஒரே அளவு வராது. "செலவோடு" என்று கட்டளை வந்தால் எதிராளி தான் கொடுத்ததெல்லாம் கேட்கலாம் என்று பயப்படத் தேவையில்லை. செலவுப் பட்டியலை நீதிமன்றப் பதிவாளர் சட்டக்கோவையின் அட்டவணைப்படி பார்த்து மதிப்பிடுவார். ஏழை என்பதால் மட்டும் செலவு நீங்கிவிடாது. ஆனாலும் உங்கள் நிலையை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லும்படி சட்டத்தரணியிடம் கேட்பதில் வெட்கமில்லை. எதிராளி "செலவு கோரவில்லை" என்று சம்மதித்தால் பிரச்சினை அங்கேயே முடியும். அதை அன்றைய வழக்குக் குறிப்பில் எழுதுவிக்க வேண்டும்.

கட்டாது விட்டால்? செலவுக் கட்டளையையும் கடனைப் போல நிறைவேற்றுவிக்கலாம், பிஸ்கால் வரலாம். எனினும் விவசாயியின் உழவு கருவிகளையும், அவர் பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைநெல்லையும் கைப்பற்ற முடியாதென்று சட்டக்கோவையே காக்கிறது. இதை அறியாமல் உழவு மாட்டை விற்றுக் கட்டியவரும் நம்மிடையே உண்டு.

கூட்டாக வழக்கிட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்காளிகள் பலர் இருந்தால், மற்றவர்களின் சம்மதமின்றி ஒருவரை விலக அனுமதிக்க 406ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரவில்லை. அண்ணனென்றாலும் தம்பிமாருக்காகத் தலையாட்ட முடியாது. பிரிவினை வழக்கின் கதையோ வேறு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ், வழக்காளி நடத்தாது விட்டால் இன்னொரு பங்காளியை அவரிடத்தில் வைத்து வழக்கை நடத்த நீதிமன்றம் இடங்கொடுக்கலாம்.

அனுமதியோடு விலகியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 407ஆம் பிரிவின்படி, புதிய வழக்குக்குக் காலக்கணக்குப் பார்க்கும்போது முதல் வழக்கே போடப்படாதது போலக் கொள்ளப்படும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமோ, உரித்தாளருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை கோர இடந்தருகிறது. மேற்சொன்ன அயலவர் 2011இல் வயலில் இறங்கினார். 2016இல் போட்ட வழக்கை 2020இல் அனுமதியோடு மீளப்பெற்று, 2022இல் புதிதாகப் போட்டால், அவர் "பத்து வருடம் தாண்டிவிட்டது" என்று எழும்புவார். போர்க்காலத்தைக் கணக்கில் எடாது விடுவதற்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது உண்மை. அது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கே உரியது. அது தந்த அவகாசமும் இரண்டு ஆண்டுகளே. இன்று அதை நம்பியிருக்க வேண்டாம்.

அப்படியானால் சமாதானமாகப் போகக்கூடாதா? போகலாம், போகவும் வேண்டும். பாதி வயலோடு அமைதியாக விதைப்பது, முழு வயலுக்காக இருபது வருடம் கோட்டுக்கு அலைவதிலும் நன்று என்பதே எமது எண்ணம். ஆனால் அதற்கு 408ஆம் பிரிவு என்ற வேறு வழி இருக்கிறது. இணக்கத்தை எல்லாத் தரப்பினர் முன்னிலையிலும், அல்லது அவர்களுக்கு அறிவித்து, நீதிமன்றத்தில் தெரிவித்தால், அதன்படி தீர்ப்பாணை எழுதப்படும். எந்தப் பக்கம் எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குமுன் கையளிப்பது, அவரவர் செலவு அவரவருக்கா என்பதெல்லாம் அதிலே வரவேண்டும். சொல்தவறினால் அதை நிறைவேற்றும்படி நீதிமன்றத்தையே கேட்கலாம். மூத்தவருக்கு அயலவர் கொடுத்த வாக்கு இப்படி எழுதப்பட்டிருந்தால், அந்தச் சிறுபோகத்தில் இரண்டு வீட்டாரும் விதைத்திருப்பர்.

கையொப்பமிடுமுன் சட்டத்தரணியிடம் மூன்றைக் கேளுங்கள்: திரும்ப வழக்கிட அனுமதி கேட்கிறோமா? செலவு எவ்வளவு, எந்தத் திகதிக்குள்? அதைக் கட்டாமல் புதிய வழக்குப் போடமுடியாது என்று நிபந்தனை உண்டா? தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்பது உங்கள் உரிமை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு உறுதி, வழக்கிலக்கம், வருமானம் பற்றிய கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு போகலாம். கட்டளை வந்தபின் அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, உறுதி வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். இன்னொரு பிரதி, வேறிடத்தில் இருக்கும் சகோதரரிடம் இருக்கட்டும்.